மகனை ஊரில் நிறுத்திய பண்ணை பீர் ஆலை

மகனுக்குக் கனடா போய் நிலம் வாங்கி விவசாயம் பார்க்க ஆசை. அப்பாவுக்கு அவரை அனுப்ப மனமில்லை. உள்ளூரிலேயே ஒரு பண்ணையைப் பார்த்து வாங்கிக் கொடுத்து மகனை நிறுத்திக்கொண்டார். இது நடந்தது 1920-ல், பெல்ஜியம் நாட்டின் தென்மேற்கில் ஏனோ மாகாணத்தில் உள்ள டூர்ப் என்ற சிற்றூரில். அப்பாவின் பெயர் ஆல்ஃபிரட் டூபோன், மகன் லூயி டூபோன்.

வாங்கிய பண்ணையில் நிலமும் தொழுவமும் மட்டும் இல்லை. 1844 முதலே அங்கே பீர் காய்ச்சி வந்தார்கள். அந்தச் சிறிய ஆலைதான் இன்று 'டூபோன்' என்ற பெயரில் உலகம் முழுக்க அறியப்படுகிறது. நூறு ஆண்டுகளைத் தாண்டியும் அதே குடும்பத்தின் கையில், அதே பண்ணைக் கட்டிடத்தில் நடக்கிறது. உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனத்துக்கும் தலைமையகம் இதே பெல்ஜியத்தில்தான். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பண்ணை ஆலை எப்படித் தாக்குப்பிடித்தது என்பது விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. குடிப்பது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். விளைந்த தானியத்தை விலை பேசி விற்பதோடு நிற்காமல், அதைப் பொருளாக்கி விற்ற ஒரு பண்ணையின் வரவு செலவே இங்கே பேச்சு.

குளிர்காலத்து வேலை

ஏனோ மாகாணம் பார்லி, கோதுமை, சர்க்கரைக் கிழங்கு விளையும் சமவெளி. அறுவடை கோடையில் முடிந்துவிடும். குளிர்காலத்தில் வயலில் வேலை இருக்காது. ஆனால் மாடுகளுக்குத் தீனி வேண்டும், பண்ணை ஆட்களுக்கும் வேலை கொடுத்தாக வேண்டும். குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் பீர் கெடாமல் காய்ச்சக் குளிர்ந்த மாதங்களே ஏற்றவை. ஆகவே அந்தப் பகுதியின் பல பண்ணைகளில் குளிர்காலத்தில் பீர் காய்ச்சி, பீப்பாயில் அடைத்து, கோடையில் வயலில் வேலை செய்யும் ஆட்களுக்குக் கொடுத்தார்கள்.

இந்த வகை பீருக்கு 'செசோன்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் பருவம் என்று பொருள். அந்தக் காலத்து செசோனில் போதை குறைவு. வெயிலில் வேலை செய்பவரின் தாகம் தீர்ப்பதற்கான பானம் அது. மீந்ததை அக்கம்பக்கத்தில் விற்றார்கள்.

1900 வாக்கில் பெல்ஜியத்தில் 3,000-க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. பெரும்பாலானவை இப்படி ஊருக்கு ஒன்றாக இருந்த சிற்றாலைகள். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்தபோது, ஆயுத உற்பத்திக்காக ஆலைகளின் செம்புக் கொப்பரைகளைப் பிடுங்கிச் சென்றது. போர் முடிந்தபின் பல ஆலைகள் திறக்கவே இல்லை. தப்பியவற்றையும் பிறகு பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கின அல்லது விலைப் போட்டியில் சாய்த்தன. டூபோன் குடும்பம் தொழிலில் இறங்கியது இந்தச் சரிவின் நடுவில்தான்.

பார்லி பீராகும் வழி

நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்து ராகி மால்ட் செய்வதை அறிவோம். பீரின் முதல் படியும் அதுதான். பார்லியை இரண்டு நாள் அளவில் ஊறவைத்து, நான்கைந்து நாள் முளைவிட்டு, சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் உருவாகின்றன. முளைகட்டிய பார்லியை நொறுக்கி, 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடான நீரில் கலந்தால், அந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். இனிப்பான அந்தச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்ற கொடியின் பூங்கொத்துகளைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் புளிக்கத் தொடங்கும்.

இதில் விவசாயி கவனிக்க வேண்டியது, எல்லா பார்லியும் ஆலைக்கு ஆகாது என்பதுதான். மால்ட் பார்லியில் மணிகள் ஒரே அளவில் பருத்திருக்க வேண்டும். 100 மணிக்கு 95-க்கு மேல் முளைக்க வேண்டும். புரதம் 9 முதல் 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. தழைச்சத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் விளைச்சல் ஏறும், கூடவே புரதமும் ஏறும். அந்தப் பார்லியை ஆலை தள்ளிவிட்டால், தீவனத்துக்கான குறைந்த விலைதான் கிடைக்கும். உரத்தை அளந்து போடுவதில்தான் மால்ட் பார்லி விவசாயியின் லாபமே இருக்கிறது.

ஹாப்ஸ் ஒரு பல்லாண்டுக் கொடி. ஐந்தாறு மீட்டர் உயரக் கம்பங்களில் கயிறு கட்டி ஏற்றுவார்கள். பெண் கொடியின் பூங்கொத்தில் இருக்கும் மஞ்சள் நிறப் பிசின்தான் பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தருகிறது. அது கெடாமல் காக்கவும் உதவுகிறது. குளிர்காலக் குளிரும் கோடையில் நீண்ட பகலும் வேண்டிய பயிர் என்பதால், நம் சமவெளிக்கு ஒத்துவராது. பெல்ஜியத்தில் மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியின் போப்பரிங்கே ஊர் ஹாப்ஸுக்குப் பேர்போனது. இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹவுல் பள்ளத்தாக்கில் பயிரிட்டிருக்கிறார்கள்.

சூட்டில் வேலை செய்யும் ஈஸ்ட்

மேலே சொன்ன முறை எல்லா பீருக்கும் பொது. டூபோன் ஆலையை மற்றவற்றிலிருந்து பிரிப்பது அதன் சூடும் காலமும்தான்.

இன்றைய ஆலைகள் பெரும்பாலும் நீராவியால் கொப்பரையைச் சூடாக்குகின்றன. டூபோனில் கொப்பரைக்கு அடியில் நேரடியாகவே நெருப்பு எரிகிறது. அடிச்சூட்டில் சாறு லேசாகப் பொன்னிறமேறி, அதற்கென்று ஒரு ருசி வருகிறது. நம்மூரில் கருப்பட்டி காய்ச்சுவோர் அடுப்புச் சூட்டைப் பற்றிச் சொல்வதும் இதைத்தான். காய்ச்சுவதற்கான நீர் பண்ணையின் சொந்தக் கிணற்றிலிருந்து வருகிறது.

அடுத்தது ஈஸ்ட். இந்த வகை பீரைப் பொதுவாக 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் புளிக்கவைப்பார்கள். டூபோனின் ஈஸ்ட்டோ 30 டிகிரிக்கு மேல்தான் முழு வீச்சில் இயங்கும். சூடு குறைந்தால் பாதி வழியில் சுணங்கி நின்றுவிடும். சர்க்கரை முழுவதையும் தின்று முடிக்க விடுவதால், கிடைக்கும் பீரில் இனிப்பு இருக்காது. மிளகு போன்ற லேசான காரமும் பழ வாசமும் நுரையும்தான் இருக்கும்.

புளித்து முடிந்த பீரைப் பாட்டிலில் அடைக்கும்போது மீண்டும் சிறிது ஈஸ்ட்டும் சர்க்கரையும் சேர்க்கிறார்கள். பிறகு பாட்டில்களை வெதுவெதுப்பான நிலவறையில் படுக்கைவசமாக அடுக்கி, வாரக்கணக்கில் வைக்கிறார்கள். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்கிறது. நிற்கவைத்த பாட்டிலைவிடப் படுத்த பாட்டிலில் ஈஸ்ட் பரவலாகப் படியும், ருசி மாறும் என்பது அவர்கள் அனுபவம். பெரிய ஆலைக்கு இத்தனை வாரம் சரக்கை முடக்கி வைப்பது நட்டம். டூபோனுக்கு அந்தக் காத்திருப்புதான் விலையைக் கூட்டித் தருகிறது.

இந்தச் செசோனில் போதை அளவு 6.5 சதவீதம். வயலாட்களுக்குக் கொடுத்த பழைய பீரைவிட இது கூடுதல். வயலில் குடித்தது போய், கடையில் விலைக்கு விற்கும் பொருளானபோது பீரும் மாறிவிட்டது.

சக்கை மாட்டுக்கு

சாற்றை வடித்தபின் மிஞ்சும் பார்லிச் சக்கைதான் பண்ணையையும் ஆலையையும் கட்டிப்போடும் கயிறு. 100 லிட்டர் பீர் காய்ச்சினால் ஏறக்குறைய 20 கிலோ ஈரச்சக்கை மிஞ்சும். மாவுச்சத்து சாற்றோடு போய்விடுவதால், எஞ்சிய சக்கையில் புரதமும் நாரும் மிகுதி. காய்ந்த எடைக்குக் கணக்கிட்டால் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் நிற்கும். பண்ணை ஆலைகளில் இது நேராகத் தொழுவத்துக்குப் போகும். சாணம் வயலுக்குத் திரும்பும். அங்கிருந்து அடுத்த பார்லி.

நம்மூர்ப் பால் பண்ணைகளில் 'பீர் வேஸ்ட்' என்று சொல்லி வாங்கிப் போடுவதும் இதே சக்கைதான். வாங்குவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அதில் முக்கால் பங்கு தண்ணீர். லோடு கணக்கில் விலை பேசும்போது தண்ணீருக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். இரண்டு, நம் வெயிலில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சை பிடித்த சக்கை மாட்டுக்கு நஞ்சு. அன்றன்று தீரும் அளவுக்கு வாங்கி, வைக்கோலும் பசுந்தீவனமும் கலந்து கொடுப்பதே பாதுகாப்பு. எத்தனை கிலோ கொடுக்கலாம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

நிறுத்தியிருக்க வேண்டிய பீர்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் பெல்ஜியத்தில் எல்லோரும் குடித்தது பில்ஸ் என்ற, குளிரவைத்துக் குடிக்கும் தெளிந்த பீரை. டூபோனும் பிழைப்புக்காக ஒரு பில்ஸ் காய்ச்சியது. 1955-ல் 'முவானெட்' என்ற சற்று வலுவான பீரைக் கொண்டுவந்தார்கள். உள்ளூரில் அது நன்றாகப் போனது. லூயிக்குப் பின் உறவுக்காரர் சில்வா ரோசியேவும், 1964 முதல் மார்க் ரோசியேவும் ஆலையைப் பார்த்துக்கொண்டார்கள்.

1970-ல் தொடங்கிய ஒரு வழக்கம் சுவையானது. ஆண்டு முடிவில் நல்ல வாடிக்கையாளர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க 9.5 சதவீத அளவில் ஒரு பீர் காய்ச்சினார்கள். 'டூபோன் ஆலையின் நல்வாழ்த்துகளுடன்' என்பதே அதன் பெயர். வாங்கிக் குடித்தவர்கள் காசு கொடுத்துக் கேட்கத் தொடங்க, அதுவும் விற்பனைக்கு வந்தது.

இதற்கு நடுவே பழைய செசோன் தேய்ந்துகொண்டே வந்தது. அதன் விற்பனை மொத்தத்தில் மிகச் சிறு பங்காகிவிட, நிறுத்திவிடலாமா என்ற நிலை. 1980-களில் அமெரிக்க இறக்குமதியாளர்கள் அதைத் தேடி வந்து வாங்கத் தொடங்கினார்கள். அங்கே சிறு பீர் ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரே ருசியில் சலித்துப் போனவர்களுக்கு டூர்ப் ஊரின் பண்ணை பீர் புதுமையாக இருந்தது. 2005-ல் 'மென்ஸ் ஜர்னல்' என்ற அமெரிக்க இதழ் உலகின் சிறந்த பீர் என்று அதைத் தேர்ந்தெடுத்தது. இன்று செசோன் வகையில் பீர் காய்ச்சும் எவரும் டூபோனைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள்.

உள்ளூரில் கேட்பாரற்றுக் கிடந்த பொருளுக்கு வெளியூரில் ஆள் இருந்தது. ஆனால் அந்த ஆள் வந்து சேரும்வரை அதைக் கைவிடாமல் காய்ச்ச, முவானெட்டும் பில்ஸும் வீட்டுச் செலவைத் தாங்கின. ஒரே பொருளை நம்பியிருந்தால் செசோன் எப்போதோ நின்றுபோயிருக்கும்.

பாலாடைக்கட்டியும் ரொட்டியும்

1990-ல் டூபோன் இயற்கை வேளாண்மையில் விளைந்த பார்லியைக் கொண்டு பீர் காய்ச்சத் தொடங்கியது. அந்தச் சான்றிதழோடு பெல்ஜியத்தில் வந்த முதல் பீர்களில் ஒன்று அது. இயற்கை விளைபொருளுக்குச் சந்தை பெரிதாக உருவாகாத காலத்தில் எடுத்த முடிவு. அதே பத்தாண்டில் பாலாடைக்கட்டித் தயாரிப்பும் ரொட்டி சுடுவதும் சேர்ந்துகொண்டன. சில பாலாடைக்கட்டிகளின் மேல்தோலைப் பீரால் கழுவிப் பதப்படுத்துகிறார்கள். பீர் வாங்க வருபவர் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் சேர்த்து வாங்கிப் போகிறார். அருகில் உள்ள ஒபெஷி என்ற ஊரின் தொல்லியல் பூங்காவுக்காகப் பழங்கால முறையை நினைவூட்டும் ஒரு மூலிகை பீரையும் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். 2002 முதல் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஒலிவியே டெடேக்கர் ஆலையை நடத்துகிறார்.

பார்லி யாருடையது?

இத்தனை பெருமைக்கும் பின்னால் விவசாயிகள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. பீர் புகழ்பெற்றால் பார்லி விளைவித்தவருக்கு என்ன கிடைத்தது?

பெல்ஜியம் தன் ஆலைகளுக்கு வேண்டிய மால்ட் பார்லியில் பெரும்பகுதியைப் பிரான்ஸ் போன்ற நாடுகளிலிருந்தே வாங்குகிறது. உள்ளூர் விவசாயிகளுக்குக் கோதுமையும் உருளைக்கிழங்கும் சர்க்கரைக் கிழங்கும் கூடுதல் வருவாய் தருகின்றன. பீர் தயாரிப்பவரே பார்லியும் விளைவித்த காலம் போய், ஆலை வேறு, வயல் வேறு என்று ஆகிவிட்டது. பாட்டிலின் விலையில் பெரும்பங்கு காய்ச்சியவருக்கும் விற்றவருக்கும் வரிக்கும் போகிறது. தானியத்தின் பங்கு மிகச் சிறியது.

இந்த அறுந்த கயிற்றைச் சட்டத்தால் முடிச்சுப் போட முயன்ற இடம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம். 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஹாப்ஸ் விளைச்சலில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. பூஞ்சை நோயும் அசுவினியும் மேற்கு மாநிலங்களின் போட்டியும் அதை ஒடுக்கின. 1920-ல் வந்த மதுவிலக்கு மிச்சத்தையும் முடித்தது.

2012-ல் அந்த மாநிலம் பண்ணை பீர் ஆலைச் சட்டம் கொண்டுவந்தது. உரிமம் பெறும் சிறு ஆலை, தன் இடத்திலேயே பீரை ஊற்றி விற்கலாம், உழவர் சந்தையில் கடை போடலாம். பதிலுக்கு, பீரில் சேர்க்கும் ஹாப்ஸிலும் தானியம் உள்ளிட்ட பிற பொருள்களிலும் குறிப்பிட்ட பங்கு அந்த மாநிலத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் 20 சதவீதம், 2019 முதல் 60 சதவீதம், பின்னர் 90 சதவீதம் என்பது திட்டம்.

சிற்றாலைகள் பெருகின. கேட்க ஆள் இருக்கிறது என்றதும் விவசாயிகள் பார்லி விதைத்தார்கள். ஆனால் இரண்டு இடத்தில் இடித்தது. முதலாவது வானிலை. அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே மணிகள் முளைத்தன. கதிர்க்கருகல் பூஞ்சை விட்ட நச்சால், மால்ட்டுக்கு என்று விளைந்த பார்லி தீவன விலைக்குப் போனது. இரண்டாவது, பார்லியை முளைகட்டித் தரும் மால்ட் கூடங்கள் போதுமான அளவு இல்லை. வயலில் பார்லி இருந்தும், கொப்பரையில் போட முடியாத நிலை. பிறகு சிறு மால்ட் கூடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கார்னெல் பல்கலைக்கழகம் அந்த மண்ணுக்கென்றே 'எக்செல்சியர் கோல்டு' என்ற மால்ட் பார்லி ரகத்தை உருவாக்கியது. 90 சதவீத இலக்கைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தாலும், மாநிலத்தில் மறைந்துபோன இரு பயிர்கள் திரும்பி வந்திருக்கின்றன.

நம் வயலுக்கு வரும்போது

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. அதை நீக்கக் கேட்டு விவசாய அமைப்புகள் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகின்றன. அந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும், டூர்ப் பண்ணையும் நியூயார்க் சட்டமும் சொல்வது போதையில்லாத பொருள்களுக்கும் பொருந்தும். தென்னை நீராவுக்கும், புவிசார் குறியீடு பெற்ற உடன்குடி கருப்பட்டிக்கும், சிறுதானியத்துக்கும் இதே கணக்குதான்.

நீராவை எடுத்துக்கொள்வோம். இறக்கிய சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும் பானம் அது. மரத்திலிருந்து கடைவரை குளிர்ச்சி குறையாமல் கொண்டுபோகும் வசதி இல்லாவிட்டால், உரிமம் கையில் இருந்தும் விற்க முடியாது. வரகும் சாமையும் அப்படித்தான். விளைவிப்பது பெரிய பாடல்ல. உமி நீக்கும் இயந்திரம் பக்கத்து ஊரில் இல்லையென்றால், மூட்டையாக வியாபாரியிடம் கொடுப்பதைத் தவிர வழியில்லை. நியூயார்க் பார்லி விவசாயிக்கு மால்ட் கூடம் எப்படியோ, சாமை விவசாயிக்கு உமி நீக்கும் இயந்திரம் அப்படி.

மதிப்புக் கூட்டலில் இறங்க நினைக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் விதைப்புக்கு முன்பே இந்த இடைக்கண்ணியைக் கணக்கில் எடுக்க வேண்டும். பதப்படுத்தும் இடம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, தரம் குறைந்து திரும்பிவரும் சரக்கை யார் எடுப்பார், முதல் சில ஆண்டுகள் விற்காமல் போனால் வீட்டுச் செலவை எந்தப் பொருள் தாங்கும் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்தபிறகு பெயர்ப்பலகையையும் லேபிளையும் அச்சடிக்கலாம்.